தம்பி பெயரில் ஓடும் தொழில் யாருடையது?

தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து முப்பது வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அப்பா பனையேறி. அம்மா விடிலி எனப்படும் காய்ச்சுக் குடிசையில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுபவர். இவர் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அப்பா பனையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து, மறுபடி மரம் ஏறவே முடியாமல் போனது. அதன்பின் பிறர் இறக்கிய பதநீரை வாங்கிக் காய்ச்சித்தான் அம்மா குடும்பத்தை நடத்தினார். விடியும்முன் எழுந்து அடுப்புக்குக் காய்ந்த ஓலை தள்ளுவது, பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவது, ஆறியதும் தட்டி எடுத்து அடுக்குவது, பிறகு குளித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவது என்று இவருடைய பள்ளிப் பருவம் கழிந்தது. பிளஸ் டூ முடித்ததும் கல்லூரியில் சேர்ந்தார். மூன்று வயது இளைய தம்பி பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். அக்கா பி.காம். முடித்தது தம்பி மாதாமாதம் அனுப்பிய பணத்தில்.

2020 பொது முடக்கத்தில் சென்னை வேலை போய் ஊர் திரும்பியபோது சரியான பருவம். சந்தை மூடிக் கிடந்ததால் அம்மா ஊற்றிய கருப்பட்டி ஓலைக் கொட்டான்களில் தேங்கிக் கிடந்தது. அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் விலைப்பட்டியல் தயாரித்து, பழைய அலுவலக நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த நாற்பதாயிரம் ரூபாய்தான் முதல். இன்று இருபது விடிலிகளிலிருந்து கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி, பனங்கற்கண்டு வாங்கிப் பொட்டலமிட்டு, இன்ஸ்டாகிராம் மூலமும் சொந்த இணையதளம் மூலமும் விற்கிறார். கடந்த நிதியாண்டின் விற்பனை 46 லட்சம் ரூபாய்.

பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய கருப்பட்டிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபோது ஆடிட்டர் பதிவு எடுக்கச் சொல்லியிருக்கிறார். “நீ நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், தம்பி பெயரில் இருக்கட்டும்” என்றிருக்கிறார் அப்பா. அப்படியே ஜி.எஸ்.டி., நடப்புக் கணக்கு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, வருமான வரிக் கணக்கு எல்லாம் தம்பி பெயரில். 2024-இல் கிடங்குக்காக வாங்கிய ஆறு சென்ட் நிலமும் தம்பி பெயரில். தம்பி கடந்த ஆண்டுதான் ஊர் திரும்பி, பேக்கிங்கையும் கூரியரையும் பார்த்துக்கொள்கிறார். குலசை தசரா முடிந்ததும் அவருக்குப் பெண் நிச்சயமாகியிருக்கிறது. பெண் வீட்டில் ‘மாப்பிள்ளை சொந்தத் தொழில் செய்கிறார்’ என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது தம்பி, “அக்கா, தொழில் நம் வீட்டிலேயே இருக்கட்டும். உனக்கு மாதம் பதினைந்தாயிரம் தந்துவிடுகிறேன்” என்கிறார்.

இது சட்டப்படி தம்பியின் தொழிலா, குடும்பச் சொத்தா, பிராண்டு பெயரை என் பெயரில் பதிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா, நிலத்தை மீட்க முடியுமா, தம்பி என் படிப்புக்குச் செய்ததற்கு ஈடு என்ன என்று கேட்கும் இவர், கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: “அவன் படிப்பை விட்டதால்தான் நான் படித்தேன். இன்று தொழிலைக் கேட்டால் நான் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனா?”

அன்புச் சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தீராமல் நான் எந்தச் சட்டப் பிரிவைச் சொன்னாலும் உங்கள் மனத்தில் ஏறாது.

நீங்கள் நன்றி கெட்டவர் ஆகமாட்டீர்கள். தம்பி செய்தது பெரிய காரியம், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பதினாறு வயதில் புத்தகத்தை மூடிவிட்டு, ஊரைவிட்டுப் போய், அக்காவின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் அனுப்பிய பையன் அவர். அந்தக் கடன் உண்மையானது. ஆனால் எந்தக் கடனுக்கும் ஓர் அளவு உண்டு. அதை இருவரும் உட்கார்ந்து அளந்து, நீங்கள் மனமாரக் கொடுத்துத் தீர்க்க முடியும். நன்றியின் பெயரால் முழுத் தொழிலையும் வாய் பேசாமல் கைவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்து அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே எஞ்சுவது நன்றியாக இருக்காது. நன்றிக்கடன் வேறு, உரிமை வேறு என்று பிரித்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சட்டமும் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. கூட்டுக் குடும்பப் பணத்தில் படித்தவர் பின்னாளில் ஈட்டுவது முழுவதும் குடும்பத்துக்கே சேரும் என்ற வாதம் ஒரு காலத்தில் நீதிமன்றங்களில் எழுந்துகொண்டே இருந்தது. அதற்கு முடிவு கட்டவே 1930-இல் ‘ஹிந்து கெய்ன்ஸ் ஆஃப் லேர்னிங் ஆக்ட்’ என்ற சட்டம் வந்தது. படிக்க வைத்தது குடும்பத்தில் யாராக இருந்தாலும், அந்த ஒரே காரணத்தால் கல்வியால் வந்த ஈட்டம் குடும்பச் சொத்தாகிவிடாது என்கிறது அது. தம்பி படிக்க வைத்தார் என்பது மட்டுமே உங்கள் உழைப்பின் மேல் அவருக்குப் பங்கு தந்துவிடாது. அவருக்குச் செய்ய வேண்டியதை நீங்களாக விரும்பிச் செய்யலாம்.

பதிவில் பெயர் இருந்தால் அவர்தான் உரிமையாளரா?

ஜி.எஸ்.டி. பதிவோ உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமைப் பத்திரம் அல்ல. வரியை யார் கட்ட வேண்டும், உணவில் குறை இருந்தால் யார் பொறுப்பு என்பதற்காக அரசு வைத்திருக்கும் பதிவுகள் அவை. அதனால் ‘எல்லாம் போய்விட்டது’ என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல.

அதற்காக அந்தக் காகிதங்களை லேசாக நினைத்துவிடாதீர்கள். வழக்கு என்று போனால், இத்தனை ஆண்டுகளாக இது தம்பியின் வியாபாரம் என்று அரசிடம் சொல்லிக் கணக்குக் கொடுத்திருக்கிறீர்களே என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். நீங்கள் சம்பளம் எடுத்ததில்லை, வீட்டுச் செலவுக்கு மட்டும் எடுத்திருக்கிறீர்கள். இத்தனை ஆண்டு உழைத்தும் உங்கள் பெயரில் ஒரு ரூபாய் வருமானம் அரசுக் கணக்கில் இல்லை. நாளை உங்கள் பெயரில் வங்கிக் கடன் கேட்டாலும் இதே சிக்கல் வரும். முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வரும் பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பொருள் வாங்குவது, விலை வைப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் அவர்கள். கையெழுத்து மட்டும் வீட்டு ஆணுடையது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கோபத்தில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, ‘தம்பி பெயர் வெறும் பெயருக்குத்தான், எல்லாப் பணமும் என்னுடையது’ என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால், இத்தனை ஆண்டு வருமானத்துக்கு நீங்கள் ஏன் கணக்குக் காட்டவில்லை என்ற கேள்வியும் பினாமிச் சட்டமும் ஒருசேர வந்து நிற்கும். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. உங்கள் ஆடிட்டரும் ஒரு வழக்கறிஞரும் ஒன்றாக உட்கார்ந்து பழைய கணக்குகளைப் பார்த்து, உண்மை நிலையின் வரி விளைவு என்ன என்று சொன்ன பிறகு எழுத்தில் எதையும் கொடுங்கள்.

குடும்பத் தொழில் என்ற வாதம்

ஊர்ப் பெரியவர் ஒருவர், ‘அம்மா நகையில் தொடங்கியதால் அது குடும்பத் தொழில், எல்லாருக்கும் பங்கு’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் சட்டம் அப்படி இல்லை. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் நடத்தும் வியாபாரத்தைக் கூட்டுக் குடும்ப வியாபாரம் என்று தானாக ஊகித்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் ஜி. நாராயண ராஜு வழக்கிலேயே சொல்லிவிட்டது. குடும்பச் சொத்து என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அம்மாவின் சங்கிலி அம்மாவின் தனிச் சொத்து. அவர் தந்தது கடனாக இருக்கலாம், அன்பளிப்பாக இருக்கலாம். எதுவானாலும் அது தொழிலைக் குடும்பச் சொத்தாக மாற்றிவிடாது.

சங்கிலியை மீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. இல்லையென்றால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

‘இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்’ என்ற அப்பாவின் பேச்சுக்கும் சட்டத்தில் இடமில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு என்ற திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-இலேயே கொண்டுவந்தது. அன்று திருமணமாகியிருந்த பெண்கள் அதில் விடுபட்டிருந்தார்கள். நாடு முழுமைக்குமான 2005 திருத்தத்தில் அந்த வேறுபாடும் போனது. அப்பா அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே ஒரு பேச்சுக்கு இது குடும்பத் தொழில் என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் பங்கு திருமணத்தோடு போகாது. ஆனால் தம்பியை மறுப்பதற்காக ‘குடும்பத் தொழில்’ என்ற வாதத்தை நீங்களே கையில் எடுக்காதீர்கள். எடுத்தால் உங்கள் உழைப்பை நீங்களே கூறு போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

அந்த ஆறு சென்ட் நிலம்

இங்கேதான் உங்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லப் போகிறேன். அதைத் தம்பிக்கே விட்டுவிடுங்கள்.

ஒருவர் பணத்தில் வாங்கிய சொத்தை இன்னொருவர் பெயரில் வைப்பது பினாமிப் பரிவர்த்தனை. கணக்குக் காட்டிய பணத்தில் மனைவி, கணவர், பிள்ளைகள் பெயரில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. உடன்பிறந்தவர் என்றால், பணம் போட்டவர் பெயரும் பத்திரத்தில் கூட்டு உரிமையாளராக இருந்தால்தான் அந்த விலக்கு. உங்கள் பத்திரத்தில் தம்பி பெயர் மட்டும் இருக்கிறது. பணம் போனதும் தம்பியின் கணக்கிலிருந்து. காகிதப்படி அவர் தன் பணத்தில் தன் பெயரில் வாங்கியிருக்கிறார். ‘இல்லை, அது என் பணம்’ என்று நீங்கள் சொன்னால் அந்தக் கணமே அது பினாமிக் கேள்வியாகிவிடும். பினாமிச் சொத்தை மீட்க உரிமையியல் வழக்குப் போட முடியாது. பினாமியாக வைத்திருப்பவர் அதை உண்மையான உரிமையாளருக்குத் திருப்பி எழுதிக் கொடுக்கவும் 2016 திருத்தத்துக்குப் பிறகு தடை உண்டு. சொத்தே பறிமுதலாகலாம், ஓராண்டிலிருந்து ஏழாண்டு வரை சிறைத் தண்டனையும் இருக்கிறது. எட்டு லட்ச ரூபாய் நிலத்துக்காக அந்தப் பாதையில் காலை வைக்காதீர்கள்.

தம்பி உங்களுக்காகக் கொடுத்த கல்லூரிக் காலத்துக்கு ஈடு என்ன என்று கேட்டீர்கள் அல்லவா? அந்த நிலம் நல்ல ஈடு என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் இனி உரிமை கொண்டாட மாட்டேன் என்று மனமார முடிவெடுங்கள். கிடங்கு தொடர்ந்து வேண்டுமானால் தம்பியிடம் முறைப்படி வாடகைக்கு எடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். ஐந்து ஆண்டுக்கு எழுதிப் பதிவு செய்துவிட்டால் திடீரென்று காலி செய்யச் சொல்ல முடியாது, அவருக்கும் மாதாமாதம் வாடகை வரும்.

நான் பரிந்துரைக்கும் வழி

மூன்று வழிகள் இருக்கின்றன. மாதம் பதினைந்தாயிரத்துக்கு ஒத்துக்கொண்டு இருந்துவிடுவது முதலாவது. அது வேண்டாம். எழுத்தில் எதுவும் இல்லாத அந்தத் தொகை எந்த மாதமும் நின்றுபோகலாம். எல்லாவற்றையும் உதறிவிட்டு உங்கள் பெயரில் புதிதாகத் தொடங்குவது இன்னொன்று. அது உங்களால் முடியும். விடிலிக்காரர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கருப்பட்டி தருகிறார்கள், வாடிக்கையாளர்கள் உங்களோடுதான் பேசுகிறார்கள். ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் சேர்ந்து எழுத்துப்பூர்வமான ஒரு பங்குதாரர் நிறுவனம் தொடங்கி, தொழிலை அதற்குள் கொண்டுவருவதுதான் என் பரிந்துரை. பழைய ஆண்டுகளைக் கிளறாமல் இன்றிலிருந்து உங்கள் பெயரை உள்ளே கொண்டுவரும் வழி இது. பெண் வீட்டாரிடம் தம்பி தலைகுனிய வேண்டியதும் இல்லை. அவர் உண்மையிலேயே தொழிலில் பங்குதாரர்தான். ஆனால் எத்தனை பங்கு என்பதைத் திருமணத்துக்கு முன்பே பெண் வீட்டாரிடம் அவர் சொல்லிவிட வேண்டும். வரப்போகும் அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்தாக வேண்டும். பிறகு தெரிந்தால் முதல் சண்டை உங்கள் பெயரில்தான் நடக்கும்.

பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைத்தெருவில் கிடைக்கும் அச்சடித்த மாதிரிப் பத்திரம் உங்களுக்கு உதவாது. முதலில் லாபப் பங்கு. எழுதாவிட்டால் 1932-ஆம் ஆண்டுப் பங்குதாரர் சட்டப்படி சரிபாதி என்றாகிவிடும். உங்களுக்கு 75, தம்பிக்கு 25 என்பது என் கருத்து. நீங்கள் இருவரும் பேசி அதை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பாதிக்குக் கீழே இறங்காதீர்கள். அடுத்தது உங்கள் சம்பளம். நிறுவனத்தின் லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி உண்டு, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி. பங்குதாரருக்குத் தரும் சம்பளத்தைச் சட்ட வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம், ஆனால் பத்திரத்தில் எழுதியிருந்தால்தான். அந்தச் சம்பளம் உங்கள் பெயரில் வருமானமாகப் பதிவாகும். பிராண்டு பெயர், இணையதள முகவரி, இன்ஸ்டாகிராம் கணக்கு மூன்றும் உங்களுடையவை, நிறுவனம் பயன்படுத்த நீங்கள் அனுமதி தருகிறீர்கள் என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். நாளை நிறுவனம் கலைந்தாலும் அவை உங்களோடு வரும். ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு எப்படி விலை கணிப்பது, எத்தனை தவணையில் கொடுப்பது, விலகியவர் எவ்வளவு காலம் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்பதையும் உறவு நன்றாக இருக்கும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிய பத்திரத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனமாகப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாத நிறுவனம் பாக்கிக்காரர் மேல் வழக்குப் போட முடியாது. ஒப்பந்தத்தில் எழுதிய உரிமைக்காகப் பங்குதாரர் ஒருவர் மற்றவர் மேல் வழக்குப் போடுவதற்கும் அதே தடை உண்டு. பிறகு நிறுவனத்துக்குப் புதிய பான், புதிய ஜி.எஸ்.டி. பதிவு, புதிய நடப்புக் கணக்கு. பழைய பதிவில் மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் கட்டிய ஜி.எஸ்.டி.யில் இன்னும் கழித்துக்கொள்ளாத தொகையை, ‘ஐ.டி.சி.-02’ படிவம் மூலம் புதிய பதிவுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆடிட்டருக்குத் தெரியும். உணவுப் பாதுகாப்புப் பதிவு அப்படி மாறாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது உங்கள் இப்போதைய விற்பனை அளவுக்குப் பதிவு போதுமா, உரிமம் வேண்டுமா என்பதையும் கேளுங்கள். விற்பனை சில லட்சமாக இருந்தபோது எடுத்ததையே புதுப்பித்துக்கொண்டு வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு ஐயாயிரம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

பிராண்டு பெயரைப் பதிந்தால் போதுமா?

போதாது, ஆனால் உடனே செய்யுங்கள். வணிகக் குறி விண்ணப்பத்தைத் தனிநபராக இணையவழியில் உங்கள் பெயரில் போடக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். கருப்பட்டி 30-ஆம் வகுப்பில் வரும். விண்ணப்பித்த உடனே உரிமை கைக்கு வந்துவிடாது. பரிசீலித்து இதழில் வெளியிடுவார்கள், அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். பதிவானால் பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகும்வரை வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியை லேபிளில் போடாதீர்கள், அது குற்றம். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பார்த்தேன் என்று இன்னொரு விற்பனையாளரை உதாரணம் காட்டியிருந்தீர்கள். அவரைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

இந்தப் பெயரை முதலில் பயன்படுத்தியவர் யார் என்பதற்குச் சான்று முக்கியம். 2020-இல் நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், முதல் பார்சல்களின் தபால் ரசீதுகள், லேபிள் வரைந்தவருக்குக் கொடுத்த பணம், இணையதள முகவரி வாங்கிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். பழைய கைப்பேசியை விற்றுவிடாதீர்கள். மின்னணுச் சான்றுகளை நீதிமன்றத்தில் கொடுக்க பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவை, கருவி கையில் இருந்தால் அது எளிது. தம்பிக்குத் தெரியாமல் விண்ணப்பிக்காதீர்கள். ‘பெயர் என் பெயரில், நிறுவனத்தில் நாம் இருவரும்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிச் செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு

உங்கள் லேபிள் படத்தை அனுப்பியது நல்லதாயிற்று. எல்லாப் பொட்டலத்திலும் ‘உடன்குடிக் கருப்பட்டி’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். கடிதத்தில், தேவை கூடும் மாதங்களில் ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கமிருந்தும் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்த எல்லைக்கு வெளியே காய்ச்சியதை அந்தப் பெயரில் விற்பது சட்ட மீறல், உடன்குடிக் காய்ச்சுகாரர்களுக்கும் செய்யும் அநியாயம். எந்த ஊர்க் கருப்பட்டியோ அந்த ஊர்ப் பெயரைப் போடுங்கள். சாயல்குடிக் கருப்பட்டிக்கும் அதற்குரிய ருசியும் வாடிக்கையாளர்களும் உண்டு. உடன்குடி எல்லைக்குள் வாங்குவதை அந்தப் பெயரில் விற்க, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது.

‘சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்’ என்ற வரியை இன்றே நீக்குங்கள். சீனி கலக்காத சுத்தமான கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். அதை நம்பி யாராவது தினமும் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டால் அந்தப் பாரம் உங்களுடையது. உணவு பற்றித் தவறான விளம்பரம் செய்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்கள் அம்மா ஊற்றும் கருப்பட்டிக்கு இந்தப் பொய் தேவையே இல்லை.

தம்பி மறுத்தால்

முதலில் அப்பா, அம்மா இருவரும் இருக்கும்போது பேசுங்கள். நில விஷயத்தை முதலில் சொல்லுங்கள், ‘அது உனக்கே’ என்று. பெரும்பாலான வீடுகளில் பேச்சு அங்கேயே இளகிவிடும். ‘அக்கா எல்லாவற்றையும் பிடுங்கப் பார்க்கிறாள்’ என்ற அச்சம்தான் உங்கள் தம்பியைப் பேச வைக்கிறது என்று நினைக்கிறேன். திருப்பூரில் பத்து ஆண்டுகளுக்கு மேல் இரவு ஷிப்ட் பார்த்தவருக்கு, மறுபடி வெறுங்கையோடு நிற்க நேருமோ என்ற பயம் இருப்பது இயல்பு.

பேச்சு முறிந்தால், நீதிமன்றத்துக்கு முன்பு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். வழக்குப் போடாமலே இருவரையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது நீதிமன்றத் தீர்ப்புக்கு இணையானது, அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. தம்பியை ‘கோர்ட்டுக்கு இழுத்தேன்’ என்ற பழியும் வராது.

இடைப்பட்ட காலத்தில் இரண்டு காரியங்களைச் செய்யவே கூடாது. தம்பியின் கணக்கிலிருந்து அவர் பின் எண்ணைப் போட்டுப் பெரிய தொகை எதையும் எடுக்காதீர்கள். இதுவரை அவர் சம்மதத்தோடு செய்தீர்கள், சம்மதம் போன பிறகு அதே செயல் குற்றப் புகாராக மாறும். வாடிக்கையாளர் பணத்தை உங்கள் சேமிப்புக் கணக்குக்குத் திருப்பிவிடவும் வேண்டாம். பில் அவர் ஜி.எஸ்.டி. எண்ணில், பணம் உங்கள் கணக்கில் என்றால் இருவருக்கும் நோட்டீஸ் வரும். வாட்ஸ்அப் வியாபார எண்ணின் சிம் அப்பா பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா சம்மதித்தால் அதை இந்த வாரமே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஐந்து ஆண்டு வாடிக்கையாளர்கள் அந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறார்கள்.

திருமணம் தை மாதத்தில் என்கிறீர்கள். பங்குதாரர் பத்திரம் அதற்கு முன் கையெழுத்தாகட்டும். பருவம் தொடங்கும்போது விடிலிகளுக்கு நீங்கள் கொடுக்கும் முன்பணம் புதிய நிறுவனத்தின் கணக்கிலிருந்து போக வேண்டும், வாங்கியவரிடம் நிறுவனத்தின் பெயரில் ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு ஜி.எஸ்.டி. பதிவும் வங்கிக் கணக்கும் மாசிக்குள் தயாராக இருக்க வேண்டும், ஆகவே ஆடிட்டரிடம் இந்த வாரமே நேரம் கேளுங்கள். போகும்போது தம்பியையும் அழைத்துக்கொண்டு போங்கள்.